கயிறும் கட்டலாம், மாத்திரையும் போடலாம்... ஆனா எது முதல்ல?

மதுரை கோரிப்பாளையத்துல பஸ்ஸை விட்டு இறங்கினா, பக்கத்துலயே பெரியாஸ்பத்திரி. அதாங்க, அரசு ராஜாஜி மருத்துவமனை. அங்கேயிருந்து நடக்கிற தூரத்துல கோரிப்பாளையம் தர்கா. கொஞ்சம் தள்ளிப் போனா தல்லாகுளம் பெருமாள் கோயில். வார்டுல ஒருத்தர் படுத்திருந்தா, சொந்தத்துல ஒருத்தர் சீட்டை எடுத்துக்கிட்டு மெடிக்கலுக்கு ஓடுவார். இன்னொருத்தர் சாமிகிட்ட ஓடுவார். நீங்களும் இதுல ஒரு ஓட்டமாவது ஓடியிருப்பீங்க.

ஆனா எல்லாரும் ஒரே மாதிரி வேண்டுறதில்லை. யார் எப்படி வேண்டுறாங்க, அதனால உடம்புக்கும் மனசுக்கும் என்ன கிடைக்குது, எங்கே உஷாரா இருக்கணும்? பார்ப்போம்.

ஒரே ஊர், பல வழி

அம்மை போட்டா வாசல்ல வேப்பிலை. குணமானதும் மாரியம்மனுக்கு மாவிளக்கோ தீச்சட்டியோ. கண் நோய்க்குக் கண்மலர் சாத்துறதும், கை கால் வலிக்கு உருவம் வாங்கிப் போடுறதும் உண்டு. தர்காவுல துஆ, ஓதி ஊதின தண்ணி, தாயத்து. சர்ச்சுல மெழுகுவத்தி, நவநாள் ஜெபம், ஜெபம் பண்ணின எண்ணெய், தலையில கைவெச்சு ஜெபிக்கிறது.

இந்தக் கோடுகளை நம்ம மக்கள் ரொம்ப ஈஸியா தாண்டுவாங்க. பயந்து அழுற குழந்தையைத் தூக்கிட்டு தர்காவுக்கு வர்ற இந்துக் குடும்பங்கள் எத்தனையோ. மாரியம்மன் கோயில்ல போடுற உருவத்தை, வேளாங்கண்ணி மாதாவுக்கும் வெள்ளியில செஞ்சு காணிக்கையா வைக்கிறாங்க.

வெளிநாட்டுலயும் இதே கதைதான்

அமெரிக்காவுல 2002-ல எடுத்த அரசு சர்வேயில, தங்களோட உடல்நலத்துக்காகப் பிரார்த்தனை செஞ்சதா 43 சதவிகிதம் பேர் சொன்னாங்க. அதுல வெள்ளையர்களைவிடக் கறுப்பின மக்கள் அதிகம். கஷ்ட காலத்துல அவங்களுக்குத் தோள் கொடுத்தது சர்ச். இன்னொரு பக்கம், ஆஸ்பத்திரி மேல பழைய கசப்பு. டஸ்கீகியில 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் இருந்த கறுப்பின ஆண்களுக்கு, மருந்து வந்த பிறகும் கொடுக்காம வேடிக்கை பார்த்தாங்க. அப்படிப்பட்ட இடத்தை எப்படி நம்புவாங்க?

நம்ம ஊர்லயும் காரணத்தைக் கிளறினா பக்தியோட சேர்ந்து வேற சிலதும் வரும். ஆஸ்பத்திரி தூரம், செலவு, ‘மனநல டாக்டர்கிட்ட போனா ஊர் என்ன பேசும்?’ங்கிற பயம். கோயிலுக்கோ தர்காவுக்கோ போனா யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க.

பலன் இருக்கா?

தமிழ்நாட்டுல வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயில்ல தங்கியிருந்த 31 மனநோயாளிகளைப் பத்தின ஆய்வு, 2002-ல ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ல வந்துச்சு. சில வாரத்துல அவங்க அறிகுறிகள் சுமார் 20 சதவிகிதம் குறைஞ்சிருந்துச்சு. மிரட்டாத, ஆதரவான சூழல்தான் காரணமா இருக்கும்னு ஆய்வாளர்கள் கருதினாங்க. ஆனா இது சின்ன ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்க வேற குழுவும் இல்லை.

2006-ல அமெரிக்காவுல 1,802 பைபாஸ் நோயாளிகளை வெச்சு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. முன்பின் தெரியாதவங்க செஞ்ச பிரார்த்தனையால ஆபரேஷனுக்குப் பிந்தைய சிக்கல்கள் குறையலை. ஆக, பக்கத்துல மனுஷங்க இருக்கிற தெம்பு, மனசுல ஒரு நிதானம் – வேண்டுதல்ல இதெல்லாம் கிடைக்கும். கிருமியையும் விஷத்தையும் அது முறிக்காது.

ஏர்வாடி சொன்ன பாடம்

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில, தர்காவை நம்பி வந்தவங்களைத் தங்கவெச்சிருந்த ஒரு தனியார் காப்பகத்துல தீ. சங்கிலியில கட்டியிருந்ததால ஓட முடியாம 28 பேர் செத்துப்போனாங்க. அவங்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் குணமாகும்னு நம்பித்தான் விட்டிருந்தாங்க.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோய் இருக்கிறவங்களை எந்த வடிவத்துலயும் சங்கிலியில கட்டக் கூடாது. அதே ஏர்வாடியில பின்னாடி ‘தவா-துவா’ முறை வந்துச்சு. தவான்னா மருந்து, துவான்னா பிரார்த்தனை. வேண்டிக்க வர்றவங்களுக்கு அங்கேயே மனநல சிகிச்சையும் கிடைக்க வழி செய்றதுதான் இது. 2008-ல குஜராத்ல மீரா தாதார் தர்காவுல இதே பேர்ல ஒரு திட்டம் ஆரம்பிச்சிருந்தாங்க.

எது முதல்ல?

* பாம்புக்கடி: மந்திரிக்கப் போற நேரத்துல விஷம் ஏறும். கடிச்ச கை, காலை அசைக்காம நேரா அரசு ஆஸ்பத்திரி. விஷமுறிவு ஊசி அங்கே இலவசம்.
* நாய்க்கடி: சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க. அன்னிக்கே தடுப்பூசி. ரேபிஸ் அறிகுறி வந்துட்டா காப்பாத்துறது ரொம்பக் கஷ்டம்.
* அம்மை: வேப்பிலை கட்டி, வெளியாட்களை உள்ளே விடாம இருக்கிறது நல்ல பழக்கம். மத்தவங்களுக்குப் பரவுறது குறையும். ஆனா பெரியவங்க, கர்ப்பிணிகள், எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு அம்மை ஆபத்து. கொப்புளம் வந்த 24 மணி நேரத்துக்குள்ள மருந்து ஆரம்பிச்சா நல்லா கேட்கும்.
* காதுல குரல் கேட்குது, தூக்கமே இல்லை, சாகணும்போல இருக்கு: 14416-க்குக் கூப்பிடுங்க. ‘டெலி மானஸ்’ங்கிற இலவச அரசு சேவை, 24 மணி நேரமும் இருக்கு. தமிழ்லயே பேசலாம்.
* சுகர், பிரஷர், வலிப்பு: ‘குணமாகிடுச்சு, மாத்திரையை நிறுத்து’ன்னு யார் சொன்னாலும், உங்க டாக்டரைக் கேட்காம நிறுத்தாதீங்க.

வீட்டுல பாட்டி கயிறு கட்டணும்னு சொன்னா, சண்டை போடாதீங்க. ‘கட்டிக்கலாம் பாட்டி, முதல்ல டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துருவோம்’னு சொல்லிப் பாருங்க. பெரும்பாலான பாட்டிகள் கூடவே கிளம்பிருவாங்க.