பிறப்பு பறித்த பேராசிரியர் நாற்காலி

1933 ஆம் ஆண்டு ஏப்ரல் 7 ஆம் நாள் ஜெர்மனியில் ஒரு சட்டம் பிறந்தது. ஆரியர் அல்லாதார் அரசுப் பணியில் இருத்தலாகாது என்பது அதன் சாரம். ஆரியர்! அச்சொல் நம் செவிக்குப் புதிதன்று. அம்மாதம் முடியுமுன்னரே, கோட்டிங்கன் பல்கலைக் கழகத்தின் கோட்பாட்டு இயற்பியல் பேராசிரியர் மாக்ஸ் போர்ன் பணியினின்றும் நிறுத்தப்பட்டார். அவர் இழைத்த குற்றம்? யூதக் குடியிற் பிறந்தது! 1914 லேயே கிறித்துவ ஞானமுழுக்குப் பெற்றிருந்தாரே எனலாம். பெற்றும் பயனென்ன? சட்டம் பார்த்தது பிறப்பை. பாட்டன் யார் என்பதை!

1882 இல் பிரெஸ்லாவ் நகரில் பிறந்த இவர், கணிதத்தில் துறைபோய பின்னரே இயற்பியலுக்கு வந்தவர். அக்கணிதம் 1925 இல் கைகொடுத்தது. உதவியாளரான இளைஞர் ஹெய்சன்பர்க், அணுவை ஆய்ந்து விந்தையானதொரு பெருக்கலைக் கொண்டுவந்தார். 3 ஐ 5 ஆல் பெருக்கினும், 5 ஐ 3 ஆல் பெருக்கினும் 15 தான் என்பது நாம் பள்ளியிற் கற்றது. இங்கோ வரிசை மாறினால் விடையும் மாறியது! கணிதவாணர் அணி என்று வழங்குவதே இது எனக் கண்டு சொன்னவர் போர்ன். யோர்டானையும் சேர்த்துக்கொண்டு, மூவருமாகக் குவாண்டம் இயக்கவியலுக்கு அடித்தளமிட்டனர். ஆனால், 1932 ஆம் ஆண்டுக்கான நோபெல் பரிசு ஹெய்சன்பர்க் ஒருவருக்கே போயிற்று. போர்னுக்கு 1954 வரை காத்திருப்பு!

1926 இல் அவர் கூறியது இன்னும் பெரிது. எலெக்ட்ரான் எங்குச் செல்லும் என அறுதியிட இயலாது. எங்குச் செல்ல எவ்வளவு வாய்ப்பு என்பதையே கணக்கிடலாம் என்றார். உலகம் பகடையாட்டமாகாது என்னும் கருத்துப்பட மறுத்தெழுதினார் நண்பர் ஐன்ஸ்டைன். எல்லாம் முன்னரே எழுதி வைக்கப்பட்டது என்னும் தலையெழுத்துக்காரர் இதைக் கேட்டால் திடுக்கிடுவர். அதற்காக, எதுவும் நடக்கலாம் என்று சோதிடர் துள்ளவும் இடமில்லை. வாய்ப்பின் அளவு கறாரான கணக்கு.

வேலை பறிபோனவர் கேம்பிரிட்ஜ் சென்றார். பின்னர் இராமனின் அழைப்பை ஏற்று, 1935 இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு வந்து ஆறு திங்கள் தங்கினார். நிலையான பதவி அளிக்க இராமன் முயன்றபோது, ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர் எழுந்து, சொந்த நாட்டினின்றும் துரத்தப்பட்ட இரண்டாந்தர அயலான் நமக்கெதற்கு என்னும் பொருள்பட இழித்துரைத்தாராம். வீடு திரும்பிய போர்ன் மனைவி முன் அழுதுவிட்டார். நம் பக்கத்து மண்ணில் நடந்தது இது!

1936 இல் எடின்பரோ அவருக்குப் பேராசிரியர் பதவி தந்தது. அணுகுண்டு வேலையின் பக்கம் அவர் போகவில்லை. அதைச் செய்து முடித்த ஓப்பன்ஹைமரோ அவரிடம் பயின்றவர்! ஓய்வுக்குப் பின் ஜெர்மனி திரும்பி, 1957 இல், அணு ஆயுதப் பணியில் ஈடுபடோம் என்று அறிவித்த அறிஞர் பதினெண்மருள் ஒருவராகக் கையொப்பமிட்டார்.

1970 இல், தம்மைத் துரத்திய அதே கோட்டிங்கனில் மறைந்தார். கல்லறையில் பொறித்திருப்பது, வரிசை மாறினால் விடை மாறும் என்னும் அச்சமன்பாடு.