சூரியச் சுழல்காற்று

சூரியச் சுழல்காற்று என்பது சூரியனின் வளிமண்டலத்தில் பிளாஸ்மா திருகிக்கொண்டு தூண்போல மேலெழுவதாகத் தோன்றும் நிகழ்வு ஆகும். சங்கரன்கோவில் வட்டாரத்தின் கரிசல் காடுகளில் கோடைப் பகலில் எழும் புழுதிச் சுழலை இது தோற்றத்தில் ஒத்திருக்கும். ஆனால் காரணம் வேறு. புழுதிச் சுழலைத் தரையின் வெப்பமும் காற்றும் உண்டாக்குகின்றன. சூரியனில் பிளாஸ்மாவின் போக்கைக் காந்தப்புலமே பெரிதும் தீர்மானிக்கிறது. இந்நிகழ்வின் வரலாற்றில் தமிழ்நாட்டின் கோடைக்கானலுக்கும் ஓர் இடம் உண்டு.

தொடக்ககால நோக்குகள்

1868 ஆகத்து 18 இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் குண்டூரில் இருந்து சூரிய விளிம்பில் எழுந்த பிழம்புகளை நிறமாலைக் கருவியால் ஆராய்ந்தார். அவை வளிமப் பொருளால் ஆனவை என்பது தெளிவாயிற்று. கிரகணம் இல்லாத நாளிலும் அவற்றைக் காண முடியும் என்று மறுநாளே அவர் காட்டினார்.

1876–78 பெரும் பஞ்சத்திற்குப் பின், சூரியனின் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி வலுப்பெற்றது. இச்சூழலில் பழனி மலையில், சுமார் 2,340 மீட்டர் உயரத்தில், 1899 இல் கோடைக்கானல் சூரிய ஆய்வகம் நிறுவப்பட்டது. இதன் முதல் இயக்குநர் மைக்கி சுமித்.

எவர்செட் தேடிய சுழலும் கண்ட ஓட்டமும்

1908 இல் அமெரிக்காவின் வில்சன் மலை ஆய்வகத்தில் ஜார்ஜ் எல்லரி ஹேல் எடுத்த படங்களில், சூரியப் புள்ளிகளைச் சுற்றி நீர்ச்சுழி போன்ற வடிவங்கள் தெரிந்தன. சூரியப் புள்ளிகள் உண்மையில் சுழல்காற்றுகள்தாமா என்ற கேள்வி எழுந்தது.

1907 இல் கோடைக்கானல் வந்திருந்த ஜான் எவர்செட் இதை டாப்ளர் விளைவைக் கொண்டு சோதித்தார். நம்மை நோக்கி வரும் வளிமத்தின் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமும், விலகிச் செல்வதன் கோடுகள் சிவப்புப் பக்கமும் நகரும். சூரிய விளிம்பை அண்டியுள்ள ஒரு புள்ளி சுழன்றால், விளிம்புக்கு இணையான திசையில் அதன் இரு பக்கங்களில் இந்த நகர்வு எதிரெதிராக இருக்க வேண்டும். 1909 சனவரியில் அவர் கண்டது வேறு. சூரிய வட்டின் மையத்தை நோக்கிய பக்கம் நீல நகர்வையும், விளிம்பை நோக்கிய பக்கம் சிவப்பு நகர்வையும் காட்டின. அதாவது, வளிமம் சுழலவில்லை; புள்ளியின் நடுவிலிருந்து நாலாபுறமும் வெளிநோக்கிப் பாய்ந்தது. இதுவே இன்று 'எவர்செட் விளைவு' எனப்படுகிறது. சுழலைத் தேடியவர், எதிர்பார்த்ததை விட்டுக் கண்டதை எழுதியதால் கிடைத்த கண்டுபிடிப்பு இது.

எவர்செட்டும் அவர் மனைவி மேரி எவர்செட்டும் கோடைக்கானலில் சூரியப் பிழம்புகளையும் விரிவாக ஆராய்ந்தனர். அமெரிக்க வானியலாளர் எடிசன் பெட்டிட் 1925 இலும் அதன் பின்னரும் பிழம்புகளை வகைப்படுத்தியபோது, முறுக்கிய கயிறு போன்றவற்றைச் சுழல்காற்று வகை எனப் பிரித்தார்.

விண்கலங்களின் காலம்

1998 இல் சோகோ விண்கலத்தின் தரவுகளிலிருந்து டேவிட் பைக், எலன் மேசன் இருவரும், ஏறக்குறைய பூமியளவு அகலமுடைய சுழல்களை அறிவித்தனர். 2011 செப்டம்பர் 25 இல் அமெரிக்காவின் எஸ்.டி.ஓ. விண்கலம் ஒரு பெருஞ்சுழலைப் படம்பிடித்தது. அதன் வளிமம் திருகுப் பாதையில் சுமார் 2,00,000 கிலோமீட்டர் தொலைவு சென்றது. வேகம் மணிக்கு 3,00,000 கிலோமீட்டர் வரை கணிக்கப்பட்டது.

2012 இல் வேறொரு சிறிய வகை பற்றிய ஆய்வு வெளியானது. சூரியப் பரப்பில் ஒரே நேரத்தில் சுமார் 11,000 காந்தச் சுழல்கள் இருக்கலாம் என்றும், அவை ஆற்றலை மேலே கொண்டுசெல்லலாம் என்றும் அது கூறியது. சூரியப் பரப்பின் வெப்பம் சுமார் 5,500 பாகை செல்சியசு. அதற்கு மேலுள்ள ஒளிமகுடத்தின் வெப்பமோ பத்து இலட்சம் பாகைக்கும் மேல். இப்புதிருக்கு விடைதேடுவோருக்கு இச்சுழல்கள் முக்கியமானவை.

உண்மையில் சுழல்கின்றனவா?

2018 இல் ஐரோப்பிய ஆய்வாளர் குழு ஒன்று, பெரிய சுழல்காற்றுகள் சுழலவே இல்லை என்று அறிவித்தது. டாப்ளர் அளவீடுகளின்படி, வளிமம் கிடையான காந்தப்புலக் கோடுகள் வழியே நகர்கிறது. நாம் பார்க்கும் கோணத்தால் அது செங்குத்தான சுழல்தூணாகத் தோன்றுகிறது. கோடைக்கானலில் 1909 இல் கேட்கப்பட்ட அதே கேள்விக்கு, அதே வகைக் கருவியறிவால், வேறொரு நிகழ்வில் கிடைத்த ஒத்த விடை இது. சிறிய காந்தச் சுழல்களுக்கு இம்முடிவு பொருந்தாது.

இன்றைய நிலை

கோடைக்கானலின் நூறாண்டு கடந்த ஒளிப்படத் தகடுகள் எண்ணிமமாக்கப்பட்டு ஆய்வுக்குக் கிடைக்கின்றன. 2023 செப்டம்பர் 2 இல் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1, 2024 சனவரி 6 இல் தன் இலக்குச் சுற்றுப்பாதையை அடைந்தது. இத்திட்டத்தின் இயக்குநர் நிகர் சாஜி, சங்கரன்கோவில் அமைந்துள்ள அதே தென்காசி மாவட்டத்தின் செங்கோட்டையைச் சேர்ந்தவர். ஒளிமகுடத்தை ஆராயும் இதன் முதன்மைக் கருவியை உருவாக்கியது, கோடைக்கானல் ஆய்வகத்தை நடத்திவரும் இந்திய வானியற்பியல் நிறுவனமே.