அம்மையும் அற்புத மருந்தும்

போன மாசம் அக்கா போன் பண்ணினாள். அவள் பையனுக்கு நெப்ராட்டிக் சிண்ட்ரோம். சிறுநீரில் புரதம் போய் உடம்பு வீங்குகிற வியாதி. ஒரு மாசமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறான்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு அம்மை போட்டிருக்குடா. நேத்து வரைக்கும் ரெண்டும் ஒண்ணாத்தான் விளையாடிட்டு இருந்துச்சு. இவனுக்கும் வந்தா வேப்பிலை வச்சுப் பாத்துக்கலாம்ல?"

"மொதல்ல டாக்டர்கிட்ட ஓடு" என்றேன். ஓடினாள். பையன் நன்றாக இருக்கிறான். ஏன் அப்படிப் பதறினேன் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு.

1948 செப்டம்பர். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், மூட்டுவாதத்தில் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அந்தம்மா எழுந்து நடந்தார்! 1950லேயே ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. அதன் பிறகு எதற்கெடுத்தாலும் கார்ட்டிசோன்தான்.

ஆனால் அற்புதத்துக்கு ஒரு விலை இருந்தது. ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்குவதே உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கித்தான். வைரஸை விரட்டுகிற வெள்ளணுக்களும் சேர்ந்து அடங்கிவிடும். சாதாரணக் குழந்தைக்கு பத்து நாள் அரிப்போடு போகிற சின்னம்மை, இவர்களுக்கு நுரையீரல், கல்லீரல், மூளை என்று பரவலாம். 1950களின் நடுவிலேயே கார்ட்டிசோனையும் சின்னம்மையையும் சேர்த்து எச்சரிக்கும் கட்டுரைகள் குழந்தை மருத்துவ இதழ்களில் வர ஆரம்பித்துவிட்டன. எச்சரிக்கலாம், சரி. தடுக்க என்ன வழி? அப்போது ஒன்றும் இல்லை.

வழி ஜப்பானிலிருந்து வந்தது. மிச்சியாகி தகாஹாஷி என்ற வைரஸ் ஆய்வாளர் 1964ல் அமெரிக்காவில் வேலை பார்த்தபோது, அவருடைய மூன்று வயது மகனுக்கு சின்னம்மை கடுமையாக வந்தது. காய்ச்சல், மூச்சுத்திணறல். அப்பாவும் அம்மாவும் ராத்திரி பகலாகக் கண்விழித்தார்கள். பையன் பிழைத்துக்கொண்டான். அப்பா தடுப்பூசி தேட ஆரம்பித்தார்.

ஒசாகா திரும்பி, வேறொரு குழந்தையின் கொப்புள நீரிலிருந்து வைரஸைப் பிரித்தார். அந்த வகைக்கு ஓக்கா என்று பெயர். மனித செல்லில் 11 முறை, கினிப் பன்றி செல்லில் 12 முறை வளர்த்து வீரியத்தைக் குறைத்தார்.

1974ல் அவர் குழு வெளியிட்ட கட்டுரைதான் என்னை அசத்தியது. ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு. ஒரு குழந்தைக்கு சின்னம்மை. அதுவரை அம்மை வராத மற்ற குழந்தைகளுக்கு உடனே தடுப்பூசி போட்டார்கள். அதில் நெப்ராட்டிக் குழந்தைகளும், ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். வார்டில் நோய் பரவவில்லை. அதாவது, இந்தத் தடுப்பூசி தன்னை முதலில் நிரூபித்த இடமே அக்கா பையன் மாதிரிப் பிள்ளைகள் இருந்த வார்டுதான்.

இன்றைக்கு விதி வேறு. இது உயிருள்ள வைரஸ் தடுப்பூசி என்பதால், அதிக அளவு ஸ்டீராய்டு ஓடும்போது பொதுவாகப் போடமாட்டார்கள். முன்னாலேயே போடுவார்கள், அல்லது டோஸ் குறைந்த பிறகு. நடுவில் அம்மைக்காரரோடு பழக நேர்ந்தால் எதிர்ப்பொருள் ஊசி உண்டு, அசைக்ளோவிர் உண்டு. ஆனால் நாள் தள்ளத் தள்ள பலன் குறையும். தொற்று ஏறிய பிறகு கொப்புளம் வர 10 முதல் 21 நாள் ஆகும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கிற அவகாசம். பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1994ல் மருத்துவர்களுக்கு இதைத் தனியாகவே எச்சரித்தது.

பயந்துபோய் மாத்திரையை நாமே நிறுத்துவது இன்னொரு ஆபத்து. ரொம்ப நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களின் அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது.

வேப்பிலையை நான் கிண்டல் பண்ணவில்லை. எனக்கும் சின்ன வயசில் பாட்டி வேப்பிலைப் படுக்கைதான் போட்டாள். "அம்மா வந்திருக்கா, மருந்து கொடுக்கக் கூடாது" என்றாள். எனக்குச் சரியாகிவிட்டது. ஆனால் நான் ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது சாப்பிடுகிறார்களா? அவர்களுக்கு அம்மை ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று இன்றைக்கே அவர்கள் அம்மாவிடம் கேட்டு வையுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.