டிக்கன்ஸின்ர தொப்பிக்கு விலை பார்த்த நாள்

சார்ள்ஸ் டிக்கன்ஸ் எண்டால் எங்களில கனபேருக்கு ஓலிவர் ட்விஸ்ட்தான் ஞாபகம் வரும். அவருடைய தகப்பன் ஜோன் டிக்கன்ஸ் கடனுக்காகச் சிறைக்குப் போனவர். 1824 பெப்ரவரியில், ஒரு பேக்கரிக்காரருக்குக் கொடுக்கவேண்டிய 40 பவுண்ஸ் 10 ஷில்லிங்குக்காக அவரை லண்டன் மார்ஷல்சி சிறையில் அடைத்தார்கள். கடற்படைச் சம்பள அலுவலகத்தில் வேலை செய்த மனுசன், பாருங்கோ!

ஆனால் இந்தக் கதையில் எனக்குச் சிறையைவிடப் பெரிதாகத் தெரிவது ஒரு பட்டியல். கடன்பட்டவரை உள்ளே போட்டால் அவருடைய உழைப்பும் நிண்டுபோகும். பிறகு காசு எங்கேயிருந்து வரும்? 1813இல் இங்கிலாந்தில் வந்த கடனாளிகள் சட்டம் ஒரு வழி திறந்தது. கடன்பட்டவர் விடுதலை கேட்டு மனுப் போடலாம். பதிலுக்குத் தன்னிடம் என்ன இருக்கு, யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கவேணும் எண்டு முழுக்கச் சொல்லவேணும். ஒளித்தது பிடிபட்டால் இன்னும் சிறை.

குடும்பம் வைத்திருக்கிற உடுப்பும் சொந்தச் சாமானும் 20 பவுண்ஸுக்கு மேல் போகக்கூடாது என்பதும் விதி. அதனால் சப்பாத்து மை தொழிற்சாலையில் கிழமைக்கு 6 ஷில்லிங்குக்கு வேலை செய்த 12 வயதுச் சார்ள்ஸும் மதிப்பீட்டு அதிகாரியிடம் போய் நிக்கவேண்டி வந்தது. வெள்ளைத் தொப்பி, சின்னக் கோட், கோடுரோய் காற்சட்டை. எல்லாம் பழசு, பயமில்லை. பயம் பொக்கற்றுக்குள் இருந்தது: அப்பம்மா கொடுத்த வெள்ளி மணிக்கூடு. அதால கணக்கு 20ஐத் தாண்டிவிடுமோ எண்டு பெடியனுக்கு உதறல். வாய் நிறையச் சாப்பாட்டோடு வந்த அதிகாரி ஒருக்காப் பார்த்துவிட்டுச் சரி, போகலாம் எண்டார். மணிக்கூட்டைப் பற்றி ஆரும் கேட்கவில்லை. நானெண்டாலும் வாயைத் திறந்திருக்க மாட்டன்.

அப்பம்மா அந்த ஏப்ரலில் இறந்து 450 பவுண்ஸ் விட்டுப்போனதால்தான் ஜோன் வெளியே வந்தார் எண்டு பல இடங்களில் எழுதியிருப்பார்கள். உண்மையில் மே 28ஆம் திகதி அவரை விட்டது அந்தச் சட்டத்தின் கீழ்தான். சொத்துவிபரம் கொடுத்து வாங்கிய விடுதலை அது.

1869இல் இங்கிலாந்தில் கடனுக்குச் சிறை என்பது பெரும்பாலும் ஒழிந்தது. விபரம் கேட்பது ஒழியவில்லை. பிரித்தானியர் காலத்தில் 1889இல் இலங்கைக்கு வந்த குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை இப்பவும் எங்கட கோட்ஸில் நடைமுறையில் இருக்கு. காசு கட்டச்சொல்லித் தீர்ப்பு வந்தபிறகு, கடன்பட்டவரை அழைத்து அவருடைய சொத்துப் பற்றி வாய்மொழியாக விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கு. அழைப்பாணை வந்தால் போகத்தான் வேணும், உண்மை சொல்லத்தான் வேணும். ஆனால் அவசியமான உடுப்பு, படுக்கை, தொழில் உபகரணங்களில் கைவைக்க ஏலாது எண்டும் அதே கோவை சொல்லுது.

தவணை பிந்தினால் பைலோடு படலைக்கு வந்து நிண்டு, வீட்டில் என்ன இருக்கு, நகை எங்கே எண்டு அம்மாமாரைக் குடைகிற கலெக்சன் ஆட்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. அது நீதிமன்றம் கேட்கவேண்டிய கேள்வி. அதுவும் தீர்ப்புக்குப் பிறகு.