பட்டிப்பளை மலைச்சாரலின் பூக்களும் கரைவாகுக் கரையோரமும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை முதலிய ஊர்களின் வரலாறு பெரும்பாலும் கடலையும் வயலையும் தறியையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. மீன்பிடியும் நெற்செய்கையும் நெசவும் இம்மக்களது வாழ்வின் அடிப்படைகளாதலின் இது இயல்பே. ஆயினும், இவ்வூர்களின் மேற்கு அடிவானத்தில் தெரியும் மலைத்தொடரும், அதன் சாரலில் ஆண்டுதோறும் மாறி மாறிப் பூக்கும் மரஞ்செடிகளும் இவ்வரலாற்றுள் இடம்பெறாமற் போனமை ஒரு குறைபாடு. அம்மலைப்பகுதி இன்று கல்லோயா தேசிய பூங்கா எனப்படுகின்றது. மனிதனின் கைபடாத இயற்கையின் எச்சமாக அதனைக் கருதும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இக்கருத்து வரலாற்றுக்குப் பொருந்துவதன்று. அச்சாரலின் பூக்கள் பல தலைமுறை மனிதரின் உழைப்போடும் போக்குவரத்தோடும் பிணைந்தவை என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திணை என்ற கோட்பாடு நிலத்தைப் பூவின் பெயரால் அழைப்பது. அப்பெயரினுள் தொழிலையும் ஒழுக்கத்தையும் அடக்குவது. பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், ஐந்திணைப் பாகுபாட்டின் பின்னால் வெவ்வேறு நிலப்பகுதிகளின் சமனற்ற பொருளாதார வளர்ச்சி நிற்பதை விளக்கினார். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு தொண்ணூற்றொன்பது பூக்களை நிரல்படுத்துகின்றது. அந்நிரலை வெறும் வருணனையாகக் கொள்ளாது, மலைநிலத்தை அறிந்திருந்த ஒரு சமூகத்தின் அறிவுத் தொகுதியாகவும் கொள்ளலாம். நெய்தலும் மருதமும் ஒட்டிக் கிடக்கும் கரைவாகுப் பகுதிக்கு, முல்லையும் குறிஞ்சியும் ஒரு நாள் நடைத்தொலைவில் இருந்தன. பட்டிப்பளை ஆறு, அதாவது கல்லோயா, பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் தோன்றி, கல்முனைக்குத் தெற்கே கடலிற் கலக்கின்றது. இந்நான்கு நிலங்களையும் இணைக்கும் இயற்கையான வழி இதுவே.

இங்கு பருவம் பற்றிய ஒரு தெளிவு வேண்டும். மேனாட்டார் கூறும் வசந்தம் இங்கில்லை. சங்க இலக்கியத்தின் கார்காலமும் இப்பகுதிக்கு அப்படியே பொருந்தாது. ஆவணி, புரட்டாதியில் அன்றி, ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் வடகீழ்ப் பருவக்காற்றினாலேயே இக்கரை பெருமழை பெறுகின்றது. எனவே இப்பகுதிக்கெனத் தனியான ஒரு பூக்காலம் உண்டு. மழை தொடங்கியதும் கார்த்திகையை ஒட்டிக் காந்தள் வேலிகளிலும் புதர்களிலும் மலர்கின்றது. அதனாலேயே அது கார்த்திகைப் பூ எனவும் வழங்கும். மழை ஓய்ந்து நிலம் வறளத் தொடங்கும் தை, மாசி, பங்குனி மாதங்களில் மலைச்சாரல் வேறொரு தோற்றங் கொள்ளும். சிங்களத்திற் 'கஹட்ட' என வழங்கும் மரம் இலையுதிர்த்து நின்று, இரவில் விரிந்து விடியலில் உதிரும் பெரிய வெண்பூக்களைத் தரும். கடுக்காயும் தான்றியும் புதுத்தளிரோடு சிறிய பூங்கதிர்களை ஈனும். வெயில் முதிரும் சித்திரையில் கொன்றை பொன்னிறமாகத் தொங்கும். சாரலிற் பூக்கள் பெருகும் இதே காலத்திலேயே கரையோரத்தில் பெரும்போக அறுவடை நடைபெறுகின்றது. சூடடிக்கும் களமும் பூக்கும் மலையும் ஒரே மழையின் இரு விளைவுகளாகும்.

பூங்காவின் மேற்கிலுள்ள நில்கலப் பகுதியின் நிலத்தோற்றம் தனித்தன்மை வாய்ந்தது. அது அடர்ந்த காடுமன்று, வெறும் புல்வெளியுமன்று; உயர்ந்த புற்களுக்கிடையே மரங்கள் இடைவிட்டு நிற்கும் பரப்பு. சிங்களத்தில் இது 'தலாவ' எனவும், தாழ்நிலத்தில் 'தமன' எனவும் பெயர் பெறும். இலுக்கும் மானாப்புல்லும் இங்கு மிகுதி. கடுக்காய், தான்றி, நெல்லி, வேங்கை, கஹட்ட ஆகியனவே இங்குள்ள முக்கிய மரங்கள். இவையனைத்தும் தீயைத் தாங்கவல்லவை. தடித்த பட்டையும் வெட்டுண்டாலோ எரிந்தாலோ மீண்டும் துளிர்க்கும் வேரும் இவற்றைக் காக்கின்றன. இப்புல்வெளிகளின் தோற்றம் பற்றித் தாவரவியலாளரிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆயினும், ஆண்டுதோறும் மூட்டப்பட்ட தீயே இவற்றைக் காடாகாமல் நிலைநிறுத்துவதில் பெரும்பங்கு வகித்தது என்பது பொதுவாக ஏற்கப்படுவது. வேடர் வேட்டைக்காகவும், மந்தை மேய்ப்போர் இளம்புல்லுக்காகவும், சேனைப் பயிர் செய்வோர் நிலத்துக்காகவும் தீ வைத்தனர். எரிந்த சில வாரங்களிலேயே இலுக்குப் புல் பட்டுப் போன்ற வெண்கதிர்களை உயர்த்துகின்றது. சாரல் முழுவதும் வெண்மை படரும் அக்காட்சியை இயற்கையின் எழில் என நாம் வியக்கின்றோம். அதன் பின்னால் நிற்பது மனிதன் வைத்த தீயேயாகும்.

கரையோர முஸ்லிம்களும் தமிழரும் இந்நிலத்தோடு மூன்று வழிகளில் தொடர்புற்றிருந்தனர். முதலாவது, கால்நடை. பெரும்போகச் செய்கை தொடங்கியதும் மாடுகளும் எருமைகளும் வயற்பரப்பிலிருந்து மேட்டுநிலப் புற்றரைகளுக்குச் சாய்க்கப்பட்டன. அறுவடை முடிந்ததும் அவை மீண்டும் வயலில் இறக்கப்பட்டன. ஆகவே போடியாரின் செல்வம் வயலில் மட்டுமன்றி மேற்குப் புற்றரையிலும் இருந்தது. அச்செல்வத்தைக் காத்தவனோ, பட்டியோடு மாதக்கணக்கில் காட்டில் தங்கிய கூலி மேய்ப்பன். எந்தப் பூ எப்போது மலரும், எந்த நீர்மடு எப்போது வற்றும் என்பதை அவனே அறிந்திருந்தான்.

இரண்டாவது, தவளம் எனப்பட்ட பொதிமாட்டு வணிகம். போர்த்துக்கேயரால் துன்புறுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கண்டி மன்னன் செனரத் 1626 ஆம் ஆண்டளவில் அடைக்கலம் அளித்து, அவர்களுள் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்பது வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டும் செய்தி. அதன் பின்னர் கரைக்கும் மலைநாட்டுக்குமிடையில் உப்பும் கருவாடும் மேலே சென்றன. பாக்கும் பிற மலைப்பொருள்களும் கீழே வந்தன. கண்டி அரசின் 'மடிகே' எனப்பட்ட போக்குவரத்துப் பிரிவில் முஸ்லிம்கள் முக்கிய இடம் வகித்தனர். 1817 ஆம் ஆண்டில் பிரித்தானியர் ஹாஜி மரிக்கார் என்பவரை வெல்லசப் பகுதியின் மடிகே முகாந்திரமாக நியமித்தமையும், அதனால் எழுந்த அதிருப்தியும் 1817-1818 ஊவாக் கிளர்ச்சியின் உடனடிக் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்படுகின்றன. அக்கிளர்ச்சியை அடக்கிய பிரித்தானியப் படை ஊர்களை எரித்தது, விளைச்சலை அழித்தது. இலட்சம் வயல்கள் என்று பொருள்படுவதாகக் கூறப்படும் வெல்லச, மக்களையிழந்தது. நில்கல இப்பகுதியோடு தொடர்புற்றது. ஆகவே அதன் இன்றைய அமைதியை ஆதிகால அமைதி என்று கொள்ளுமுன், அதில் ஒரு பங்கு இப்பேரழிவின் விளைவாகுமோ என நாம் வினவுதல் வேண்டும்.

மூன்றாவது, மருத்துவம். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்ததே திரிபலை. ஆயுள்வேதமும் சித்தமும் இதனைப் பெரிதும் போற்றுகின்றன. யுனானி மருத்துவத்தில் 'இத்ரிஃபல்' எனப்படும் மருந்து வகையின் பெயரே திரிபலை என்ற சொல்லின் திரிபாகும். சிங்கள வைத்தியர் இதனையே 'அரலு, புலு, நெல்லி' என்பர். ஒரு மலைச்சாரலின் மூன்று மரங்கள் வடமொழி, அரபு, தமிழ், சிங்களம் என நான்கு மொழிகளின் மருத்துவ மரபுகளை ஒன்றிணைக்கின்றன. மாசியிற் கண்ணிற் படாமற் போகும் அச்சிறு பூக்களின் மதிப்பை, பிணிதீர்க்கும் காயாகப் பெற்ற மக்களே நன்கறிந்திருந்தனர்.

இத்தொடர்புகள் எவ்வாறு அறுந்தன? 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டப்படாத காட்டையும் தரிசையும் அரசுக்குரியவை எனக் கொள்ள வழிசெய்தது. 1885 ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டமும் 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதனைத் தொடர்ந்தன. 1949 ஆம் ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டு, இங்கினியாகலையில் அணை எழுந்தது. இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. அதன் நீரேந்து பரப்பைக் காப்பதற்கென 1954 ஆம் ஆண்டு, ஏறத்தாழ 25,900 ஹெக்ரெயர் நிலம் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பூங்காவினுள் ஒரு செடியைப் பறித்தலும் குற்றமாயிற்று. நீர்த்தேக்கத்தின் கீழ் பெரும்பான்மையாகச் சிங்களக் குடியேற்றவாசிகள் அமர்த்தப்பட்டனர். 1956 யூன் மாதத்தில் அக்குடியேற்றப் பகுதி இனவன்முறையின் களமாயிற்று. 1961 ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போர், கரையிலிருந்து மலை நோக்கிய பாதைகளை அச்சத்தின் பாதைகளாக்கிற்று. இவ்வாறு கரை ஓரினத்தவருடையது, மலை பிறிதோரினத்தவருடையது என்ற எண்ணம் வலுப்பெற்றது. அந்த எண்ணத்தின் வயது ஒரு நூற்றாண்டுகூட இல்லை.

இவ்விழப்பில் மிகக் கூடிய பங்கு வேடருடையது. இன்று பூங்காவினுள் அடங்கும் தனிகல மலையின் வேடர் பற்றியும், பாறைகளிலிருந்து தேன் எடுக்கும் வேடரின் முறை பற்றியும் செலிக்மன் தம்பதியர் 1911 ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் விரிவாகக் கூறுகின்றது. பூவின் காலமே தேனின் காலத்தைத் தீர்மானிக்கும். தேனின் காலமே அவர்களது இடப்பெயர்ச்சியைத் தீர்மானித்தது. மதுறு ஓயாவில் இதே வரலாறு மீண்டும் நிகழ்ந்தது. 1983 ஆம் ஆண்டு அங்கு தேசிய பூங்கா அமைக்கப்பட்டபோது வேடர் வெளியேற்றப்பட்டனர். அவர்களது தலைவர் ஊறுவரிகே திசாஹாமி காட்டைவிட்டுச் செல்ல மறுத்தமை நாடறிந்தது. பூவைக் காக்கும் சட்டம், பூவை அறிந்த மனிதனை அந்நியனாக்கிய முரண்பாட்டை இங்கு காண்கின்றோம்.

இதனைக் கொண்டு பாதுகாப்பே வேண்டாம் என்ற முடிவுக்கு வருதல் தவறாகும். அணையும் பூங்காவும் இல்லாதிருந்தால் இச்சாரல் மரவியாபாரிகளுக்கும் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கும் இரையாகியிருக்கலாம். அன்றியும், மலையின் நீரேந்து பரப்பு சிதைந்தால் முதலில் வாடுவது சம்மாந்துறையினதும் நிந்தவூரினதும் வயல்களே. எனவே கரையோர விவசாயியே இப்பூங்காவின் நிலைபேற்றில் நேரடி நலன் கொண்டவன். கேள்வி, பாதுகாப்பு வேண்டுமா என்பதன்று. யாருடைய அறிவையும் உரிமையையும் துணைகொண்டு பாதுகாப்பது என்பதே. எப்போது, எவ்வளவு தீ என்பது பட்டிக்காரரும் வேடரும் தலைமுறைகளாகக் கற்ற பாடம். அப்பாடத்தைக் கேளாது தீயை முற்றாகத் தடுத்தால் புல்வெளி காடாகும். கட்டற்று எரியவிட்டால் இளமரங்கள் அழியும். இரண்டிலும் கடுக்காயும் நெல்லியும் குன்றும்.

தமிழாய்வாளரின் உடனடிப் பணி ஒன்றுண்டு. மட்டக்களப்பு நாட்டின் பழமரபுகளைத் தொகுப்பதில் 1960 களில் வி. சி. கந்தையாவும் எப். எக்ஸ். சி. நடராசாவும் காட்டிய உழைப்பு நமக்கு முன்மாதிரியாக உள்ளது. அவ்வுழைப்பை மலைச்சாரலின் தாவரங்கள் நோக்கியும் விரிக்க வேண்டும். கரையோர முஸ்லிம் ஊர்களின் பரிகாரிமாரிடமும் பட்டிக்காரரிடமும், குடியேற்றக் கிராமங்களின் சிங்கள விவசாயிகளிடமும், வேடரிடமும் வழங்கும் பூப்பெயர்களை ஒருங்கே திரட்டி, அவை பூக்கும் மாதங்களோடும் பயன்களோடும் பதிவு செய்தல் வேண்டும். இப்பெயர்களை அறிந்தோர் முதுமையடைந்து வருகின்றனர். ஒரு பெயர் மறையும்போது அதனுள் அடங்கிய உழைப்பின் வரலாறும் மறைகின்றது. பிரிந்து நிற்கும் மக்கள் ஒரே ஆற்றின் நீரையும் ஒரே சாரலின் மருந்தையும் பகிர்ந்து வாழ்ந்ததற்கான சான்று அப்பெயர்களில் உண்டு. அதனைத் திரட்டுதல் இன ஒருமைப்பாட்டை நாடுவோர் அனைவரதும் கடமையாகும்.