இரு வல்லரசுகளும் அண்ணாமலை நாடும்

வல்லரசுகள் இரண்டு பகைத்து நிற்கும்போது அப்பகையின் காரணத்தை அவற்றின் தலைநகரங்களில் தேடுவது வழக்கம். பதினெட்டாம் நூற்றாண்டில் உலக வாணிகத்துக்காகப் போட்டியிட்ட இங்கிலாந்து, பிரான்சு ஆகியவற்றின் பகையும் இலண்டனையும் பாரிசையும் மையமாக வைத்தே பெரிதும் விளக்கப்பட்டுள்ளது. ஆயின், இந்திய மண்ணில் அப்பகைக்கு முடிவு கண்ட போர் நிகழ்ந்த ஊர் வந்தவாசி. இன்று அது திருவண்ணாமலை மாவட்டத்தைச் சார்ந்தது. அப்பகையின் மற்றொரு களமான ஆரணியும் இம்மாவட்டத்ததே. செஞ்சிக்கோட்டை அருணையிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளது. அண்ணாமலையார் கோயில் கொண்ட இவ்வூரும் இரு தரப்பினர் கையிலும் மாறி மாறிச் சிக்கியது. எனவே, வல்லரசுப் பகையின் இயல்பை இம்மண்ணில் நின்று நோக்குதல் பொருத்தமுடையது.

வாணிகம் பகையானது

ஆங்கிலேயர் தம் கிழக்கிந்தியக் கும்பெனியை 1600இல் நிறுவினர். 1639இல் சென்னையில் இடம் பெற்றனர். பிரெஞ்சுக்காரர் கும்பெனி 1664இல் தோன்றியது. 1674இல் அவர்கள் புதுச்சேரியில் காலூன்றினர். இரு கும்பெனியாரும் நாடி வந்த முதன்மைப் பொருள் ஒன்றே: சோழமண்டலக் கரையின் துணி. ஒரே நெசவாளரிடம் ஒரே வகைத் துணியை வாங்கி, ஒரே கண்டத்தில் விற்க முனைந்த இருவருக்கிடையே போட்டி எழுந்ததில் வியப்பில்லை. எனினும் நெடுங்காலம் அது வாணிகப் போட்டியாகவே இருந்தது.

1744இல் இங்கிலாந்தும் பிரான்சும் ஐரோப்பாவில் வெளிப்படையாகப் போரில் இறங்கின. புதுச்சேரி ஆளுநர் தூப்ளே, இக்கடற்கரையில் இரு கும்பெனியாரும் நடுநிலை காக்கலாம் என்று முயன்று பார்த்தார். ஆங்கிலக் கடற்படை பிரெஞ்சுக் கப்பல்களைக் கைப்பற்றியதும் அம்முயற்சி வீணாயிற்று. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுப்படை சென்னையைக் கைப்பற்றியது. அதை மீட்க வந்த ஆற்காட்டு நவாபின் பெரும்படையை அடையாற்றங்கரையில் ஒரு சிறிய பிரெஞ்சுப்படை முறியடித்தது. பயிற்சி பெற்ற சில நூறு வீரர் பல்லாயிரவரை வெல்லக்கூடும் என்பதை அன்று இரு கும்பெனியாரும் உணர்ந்தனர்.

அவ்வுணர்வே பகையை வளர்த்தது. நவாபின் ஆதரவை மற்றவன் பெற்றுவிட்டால் தன் வாணிகம் அழியும் என்ற அச்சம் இருவரையும் வாட்டியது. அச்சத்தால் படை பெருகியது. படைக்கு ஊதியம் வேண்டியிருந்தது. ஊதியத்துக்கு நிலவரி தேவைப்பட்டது. துணி வாங்க வந்தவர் நாடு பிடிக்க நேர்ந்த வழி இதுவே.

உடன்படிக்கைக்குப் பின் மூண்ட போர்

1748இல் அய்-லா-சப்பேல் என்னுமிடத்தில் இரு அரசுகளும் சமாதானம் செய்துகொண்டன. வட அமெரிக்காவிலுள்ள லூயிசுபர்க் கோட்டையைப் பிரான்சு திரும்பப் பெற்றது. அதற்கு ஈடாகச் சென்னை ஆங்கிலேயரிடம் வந்தது. கடலுக்கு அப்பாலுள்ள ஒரு கோட்டைக்குச் சென்னை மாற்றுப் பண்டமாயிற்று. சென்னை மக்களை எவரும் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

ஐரோப்பாவில் அமைதி வந்தது. தமிழகத்திலோ பெரும்போர் அதன் பின்னரே மூண்டது. வெளிப்படையாகப் பொர இயலாத இருவரும் பிறர் பெயரால் பொருதனர். ஆற்காட்டு நவாபு பதவிக்குச் சந்தா சாகிபை பிரெஞ்சுக்காரரும் முகமது அலியை ஆங்கிலேயரும் ஆதரித்தனர். 1749இல் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருதீன் மாண்டார். 1750இல் பிரெஞ்சுத் தளபதி புசி செஞ்சியைப் பிடித்தார். 1751இல் கிளைவு ஆற்காட்டைக் கைப்பற்றி முற்றுகையைத் தாங்கினார். அவ்வாண்டு டிசம்பரில் ஆரணியில் வென்றார். 1752இல் சந்தா சாகிபு கொல்லப்பட்டார். 1754இல் தூப்ளே திருப்பியழைக்கப்பட்டார்.

இதில் பழி முழுவதையும் வந்தவர் மீது சுமத்திவிட இயலாது. அழைத்தவர் இங்கிருந்தனர். ஆரணியில் கிளைவுடன் நின்ற மராட்டியத் தலைவர் முராரிராவின் குதிரைப்படை, 1753இல் பிரெஞ்சுத் தரப்பில் நின்று திருவண்ணாமலையை முற்றுகையிட்டது. ஒவ்வொரு சிறு பகையும் பெரும்பகைக்கு வாயில் திறந்தது. உட்பகைக்கென்று தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரின் நோக்கு எத்துணைக் கூரியது என்பது இங்கு விளங்கும்.

உழிஞையும் நொச்சியும்

மேற்கே பாராமகாலிலிருந்து செங்கம் கணவாய் வழியாக வரும் பாதைக்குக் காவலாய் அமைந்த ஊர் திருவண்ணாமலை. அவ்விருப்பிடமே அதற்கு இடராயிற்று. 1757இல் பிரெஞ்சுப்படை இவ்வூரைப் பிடித்தது. 1760இல் கப்தான் சுடீபன் சுமித்தின் கீழ் வந்த ஆங்கிலப்படை கைக்கொண்டது. கோயில் மதிலும் கோட்டை மதிலும் ஒன்றாகக் கருதப்பட்ட காலம் அது. திருவரங்கத்திலும் தில்லையிலும் திருமதில்களுக்குள் படைகள் தங்கின.

வந்தவாசி பட்ட பாடு இன்னும் பெரிது. 1757இல் கோட்டையைப் பிடிக்க இயலாத ஆங்கிலப்படை ஊருக்குத் தீ வைத்துச் சென்றது. 1759இல் மேலும் இருமுறை தாக்குதல் நிகழ்ந்தது. 1760 சனவரி 22இல் அயர் கூட்டும் லாலியும் அங்கே பொருதனர். இரு தரப்பிலும் ஐரோப்பியர் ஏறத்தாழ 2,000 பேர் இருந்தனர். அவர்களுடன் இந்நாட்டுச் சிப்பாய்கள் இரு பக்கமும் நின்றனர். லாலி தோற்றார், புசி சிறைப்பட்டார். ஓராண்டுக்குள் புதுச்சேரி வீழ்ந்தது.

தமிழ்ப் புறத்திணை மரபு போரை நன்கு வகுத்துரைத்துள்ளது. மதிலை வளைப்போன் உழிஞை சூடுவான். காப்போன் நொச்சி சூடுவான். பகைவர் நாட்டை எரியூட்டுதலும் 'எரிபரந்தெடுத்தல்' எனத் துறையாக்கப்பட்டுள்ளது. ஆயின், வளைத்தவனும் காத்தவனும் அயலாராக, மதிலுக்கு உரியவன் வெளியே நின்ற போருக்கு அம்மரபில் பூ இல்லை. வந்தவாசியில் எரிந்த வீட்டுக்குரியவன் எத்தரப்பினருக்கும் பகைவன் அல்லன். புறத்திணை காணாத இவ்வெறுமையே வல்லரசுப் போரின் தனித்தன்மை எனலாம்.

பிரெஞ்சுக்காரர் ஒடுங்கிய பின்னும் இம்மண்ணுக்கு அமைதி வாய்க்கவில்லை. 1767 செப்டம்பரில் ஐதர் அலியும் நிசாமும் ஆங்கிலத் தளபதி சோசப் சுமித்தைச் செங்கத்திலும், பின் திருவண்ணாமலையிலும் எதிர்த்தனர். மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மா இச்செங்கமே. பரிசில் பெற்ற கூத்தர் பெறாதாரை ஆற்றுப்படுத்திய வழியில் பீரங்கி வண்டிகள் சென்றன. 1790-91இல் திப்பு சுல்தான் திருவண்ணாமலையைக் கைப்பற்றினார். பின்னர்ப் புதுச்சேரிப் பக்கம் சென்று பிரெஞ்சு உதவியை நாடினார். புரட்சியில் ஆழ்ந்திருந்த பிரான்சிலிருந்து உதவி வரவில்லை.

இடையில் நின்ற ஒருவர்

இப்பகையை அருகிருந்து கண்டு தமிழில் எழுதியவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709இல் பிறந்து, தூப்ளேயின் தலைமைத் துபாசியாக உயர்ந்த அவர், 1736 முதல் நாட்குறிப்பு எழுதினார். புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்த அதே 1761 சனவரியில் அவர் மறைந்தார். துணி விலை, கப்பல் வரவு, நல்ல நாள், கெட்ட சகுனம், ஆளுநரின் சினம் ஆகிய அனைத்தும் அக்குறிப்பில் உண்டு. பேச்சுத் தமிழோடு போர்த்துக்கீசியம், பிரெஞ்சு, பாரசீகச் சொற்கள் கலந்த நடை அது.

1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட நாள்களில் அந்நகரின் வேதபுரீசுவரர் கோயில் பிரெஞ்சு ஆட்சியாளரால் இடிக்கப்பட்டது. ஆளுநரின் நம்பிக்கைக்குரியவராயிருந்தும் பிள்ளையால் அதைத் தடுக்க முடியவில்லை. அவரால் செய்ய முடிந்தது, நடந்ததை எழுதி வைத்தது. இரு வல்லரசுகளுக்கிடையே நிற்பவனின் நிலையை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது. வல்லரசின் அன்பைப் பெற்றவனுக்கும் அதன் முடிவுகளில் பங்கில்லை.

ஈண்டு இலக்கியவாணர் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. பிள்ளை புலவர்களைப் புரந்தவர். அவர் மீது தமிழில் தியாகராச தேசிகர் கோவை பாடினார். வடமொழியில் சம்பு காவியம் எழுந்தது. போர் சூழ்ந்த அக்காலத்தில் புலவர்கள் அகத்துறை அமைத்துப் புரவலரைப் புகழ்ந்தனர். புகழப்பட்ட வணிகரோ போரை எழுதினார். இன்று அக்காலத்தை அறிய விழைவோர் நாடுவது கோவையையன்று, நாட்குறிப்பையே.

முடிவாக

1763இல் பாரிசு உடன்படிக்கையால் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம் மீண்டது. ஆயின், ஆற்காட்டு நாடு அதன் மக்களிடம் மீளவில்லை. நவாபு முகமது அலி போர்ச்செலவுக்காகப் பட்ட கடன் வளர்ந்தது. 1801இல் நாடே கும்பெனியின் ஆட்சிக்குள் சென்றது. வென்றவன் தன் நண்பனின் நாட்டையே விழுங்கினான் என்பது இவ்வரலாற்றின் முடிவு.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவும் சோவியத்து நாடும் 1991 வரை பகைத்து நின்றபோதும் இதே முறை தொடர்ந்தது. அவ்விரு நாடுகளும் நேரிற் பெரும்போர் புரியவில்லை. கொரியாவும் வியத்துநாமும் அங்கோலாவும் ஆப்கானித்தானும் எரிந்தன. 1955இல் பாண்டுங்கில் கூடிய ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள் அடிமை வரலாற்றிலிருந்து பெற்ற பாடத்தையே நினைவிற் கொண்டிருந்தனர் எனலாம். வல்லரசுகளின் பகையை அறியும் வழி, அவை என்ன பேசுகின்றன என்று கேட்பது மட்டுமன்று. அவை யாருடைய சிறு பகையைக் கடனாகப் பெறுகின்றன என்று பார்ப்பதுமாகும்.

புதுச்சேரிக்கு ஓர் ஆனந்தரங்கர் வாய்த்தார். தீப்பட்ட வந்தவாசிக்கும், படை மாறிய அருணைக்கும் அத்தகைய குறிப்பாளர் வாய்க்கவில்லை. ஆகவே அவ்வூர்களின் துன்பம் வென்றோரின் படைக்கணக்கில் ஒரு வரியாய் நின்றுவிட்டது. தம் ஊரில் தம் காலத்தில் நிகழ்வதைத் தம் மொழியில் எழுதி வைத்தல், கவிஞர்க்கும் புலவர்க்கும் இவ்வரலாறு விட்டுச் சென்ற கடமையாகும்.