சைதாப்பேட்டைக் கள்ளித் தோட்டமும் நம் சுற்றுச்சுவர் ஓரமும்

நம் காலனியின் மேற்குச் சுற்றுச்சுவரை ஒட்டி ஐந்தடி அகலத்துக்கு மண் தரை கிடக்கிறதே, அதை என்ன செய்வது என்று அடுத்த பொதுக்குழுவில் முடிவெடுக்கப் போகிறோம். சிமென்ட் கல் பதிக்கலாம் என்கிறார்கள் சிலர். வரிசையாக அலங்காரச் செடி வைக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். கை தூக்குவதற்கு முன் நம் ஊரின் செடி வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள்.

1780களில் மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். துணிக்குச் சிவப்புச் சாயம் தரும் காக்கினீல் பூச்சி அப்போது மெக்ஸிகோவில் இருந்தது. அந்த வியாபாரம் ஸ்பெயின் கையில். அந்தப் பூச்சியை இங்கேயே வளர்த்துவிட வேண்டும் என்று ஆண்டர்சனுக்கு ஆசை. அது சப்பாத்திக்கள்ளியைத் தவிர வேறெதையும் தின்னாது. ஆகவே கள்ளி வகைகளை வரவழைத்துச் சைதாப்பேட்டையில் தோட்டம் போட்டார். ஆனால் 1795இல் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது மட்டமான சாயம் தரும் பிரேசில் பூச்சி. சாய வியாபாரம் தேறவில்லை.

கள்ளி தேறிவிட்டது. பல வழிகளில் வந்திறங்கி, வேலியாக ஊர் ஊராகப் போய், மேய்ச்சல் நிலங்களையும் பிடித்துக்கொண்டது. இங்குள்ள பூச்சி எதுவும் அதைத் தொடவில்லை. கடைசியில் 1926இல் இலங்கையிலிருந்து இன்னொரு காக்கினீல் வகையைக் கொண்டுவந்து விட்டார்கள். சில வருடங்களிலேயே புதர் புதராக நின்ற கள்ளி கருகிப்போனது.

இந்தக் கதையில் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இலை தின்னும் பூச்சிகளில் பெரும்பாலானவை தமக்குப் பழகிய சில செடிகளை மட்டுமே தின்னும். அந்தச் செடி இல்லாத இடத்தில் அந்தப் பூச்சியும் இல்லை.

இதே கதைதான் உண்ணிச்செடியும். 1809 வாக்கில் அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது, இன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை அடைத்து நிற்கிறது. அதன் பூவில் பட்டாம்பூச்சிகள் மொய்ப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். தேன் குடிக்கும், அவ்வளவுதான். புழுக்களுக்கு அந்த இலை அநேகமாக உதவாது. புழு இல்லையென்றால் குருவிக்கும் கஷ்டம். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சியையும் புழுவையும்தான் ஊட்டுகிறது. பூவில் தேன் குடிக்கும் தேன்சிட்டும் அப்படியே.

பழைய வீடுகளின் கொல்லையை நினைத்துப் பாருங்கள். கிணற்றடியில் கறிவேப்பிலை, எலுமிச்சை. வேலியில் நொச்சி, ஆடாதோடை. மூலையில் யாரும் வைக்காமலே முளைத்த எருக்கு. பட்டாம்பூச்சிக்காக யாரும் தோட்டம் போடவில்லை. ஆனாலும் கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் கறிவேப்பிலை அழகி முட்டையிட்டது, எருக்கில் வெந்தய வரியன் வளர்ந்தது. கொல்லை போய் கார் நிறுத்தம் வந்தபோது இந்தக் கணக்கை யாரும் பார்க்கவில்லை.

வெளிநாட்டுச் செடி எல்லாமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொய்யாவும் கப்பலில் வந்ததுதான். அதை வெட்டச் சொன்னால் அணில் என்னைச் சும்மா விடாது.

சுவர் ஓரத்துக்கு என் யோசனை: நொச்சியும் ஆடாதோடையும் வேலியாக, இடையிடையே ஆவாரை, நடுவில் ஒரு சரக்கொன்றை. ஆவாரையின் இலையும் கொன்றையின் இலையும் மஞ்சள் பட்டாம்பூச்சிகளின் புழுக்களுக்கு உணவு. நொச்சியையும் ஆடாதோடையையும் ஆடு சீந்தாது. வேர் பிடித்தபின் இவற்றுக்குத் தண்ணீரும் அதிகம் வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன் நட்டுவிட்டால் முதல் வருடச் செலவும் குறையும்.

"பாம்பு வருமே, கொசு வருமே" என்று கேட்பீர்கள். பாம்பு வருவது பெரும்பாலும் எலியைத் தேடி. எலி வருவது நாம் மூடாமல் வைக்கும் குப்பைத்தொட்டிக்கு. கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில். அதற்கு நம் மொட்டைமாடி வாளிகளையும் பூந்தொட்டித் தட்டுகளையும் கவனிக்க வேண்டும்.

பொதுக்குழு எப்படி முடிவு செய்தாலும், வீட்டுக் கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் மருந்து அடிக்காதீர்கள். அது கறிவேப்பிலை அழகியின் இளம் புழு. சில நாளில் பச்சை நிறமாகும். நாலு கொத்து இலை தின்னும். ரசத்துக்கு மீதி இருக்கும்.